கேட்டதும் சொன்னதும்: ஏஜென்டின் வரலாற்றுக்கு ஒரு கையேடு

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பல, ஏஐ ஏஜென்டுகள் பயன்படுத்தும் பதிப்பு வரலாற்றுக் கருவிகளைப் பற்றியும் அவற்றுக்கு ஆவணம் எழுதுவதைப் பற்றியும் கேட்டிருந்தன. நாம் கொடுத்த வேலையை வாங்கிக்கொண்டு, தானே கோப்புகளைத் திறந்து திருத்தி, கட்டளைகளை ஓட்டி, வந்த முடிவைப் பார்த்து அடுத்த அடியைத் தீர்மானிக்கும் நிரலையே இங்கே ஏஜென்ட் என்கிறேன். அது செய்த மாற்றங்களை வரிசையாகச் சேமித்து, பழைய நிலையைப் பார்ப்பதற்கும் அதற்குத் திரும்புவதற்கும் வழி செய்வது பதிப்பு வரலாற்றுக் கருவி. கேள்விகள் ஒன்றையொன்று தொட்டுச் செல்வதால் ஒரே இடத்தில் பதில் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: மென்பொருள் ஆவணங்கள் எழுதும் வேலையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். ஏஜென்டுகளுக்கான பதிப்பு வரலாற்றுக் கருவி ஒன்றுக்குக் கையேடு எழுதும் பொறுப்பு இப்போது வந்திருக்கிறது. கட்டளைகளை ஓட்டப்போவது பெரும்பாலும் ஏஜென்ட்தான். இதுவரை எழுதி வந்த முறையிலிருந்து எந்த இடத்தில் மாற வேண்டும்?

பதில்: மனிதர் ஒரு கையேட்டைப் படிக்கும்போது தயக்கத்தையும் கூடவே கொண்டு வருகிறார். ‘மீட்டமை’ என்ற கட்டளையை முதல்முறையாகப் பார்க்கும் எவரும் ஒரு கணம் நிற்பார். பக்கத்து இருக்கையில் இருப்பவரைக் கேட்பார். எதற்கும் இருக்கட்டும் என்று கோப்புறையை வேறோர் இடத்தில் நகலெடுத்து வைப்பார். இத்தனை காலமும் நம் ஆவணங்களில் இருந்த ஓட்டைகளை அடைத்து வந்தது அந்தத் தயக்கம்தான். ஏஜென்டிடம் அதை எதிர்பார்த்து எழுத முடியாது. கையேடு சொல்லாமல் விட்ட இடத்தை, தன் பயிற்சியில் பார்த்த வேறொரு கருவியின் வழக்கத்தைக் கொண்டு அது நிரப்பிக்கொண்டு, அடுத்த கட்டளைக்குப் போய்விடுகிறது. ஆகவே ஒரு கட்டளை என்ன செய்யும் என்பதோடு நிறுத்திக்கொள்ளும் பழக்கத்தை நீங்கள் முதலில் விட வேண்டும். எதை அழிக்கும், எதைத் தொடாது, செய்ததிலிருந்து எப்படித் திரும்பி வருவது ஆகிய மூன்றும் அதே பத்தியில் இருக்க வேண்டும்.

எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன். சோதனை நிலையில் இருந்த ஒரு கருவியின் கையேட்டில், மீட்டமைக்கும் கட்டளைக்கு நேரே ‘முந்தைய பதிப்பை மீட்டுத் தரும்’ என்ற ஒரே வரிதான் இருந்தது. ஒரு கோப்பை மட்டும் காலையில் இருந்த நிலைக்குக் கொண்டுவரும்படி ஏஜென்டிடம் சொன்னேன். அது பதிப்பு எண்ணைச் சரியாகவே கண்டுபிடித்தது. ஆனால் கோப்பின் பெயரைக் கொடுக்காமல் கட்டளையை ஓட்டியது. கருவி கோப்புறை முழுவதையும் காலை நிலைக்குக் கொண்டுபோய்விட்டது. மற்ற கோப்புகளில் நான் இரண்டு மணி நேரம் செய்திருந்த வேலை போயிற்று. கையேட்டின் வரி பொய்யில்லை என்பதுதான் எரிச்சலாக இருந்தது.

அந்தப் பதிவைப் பிறகு நாங்கள் இப்படி மாற்றி எழுதினோம்: ‘மீட்டமை: குறிப்பிட்ட பதிப்பில் இருந்தபடியே கோப்பை மாற்றி எழுதும். கோப்பின் பெயரைத் தராவிட்டால் கோப்புறையில் உள்ள அனைத்தையும் மாற்றி எழுதும். மாற்றுவதற்கு முன் தற்போதைய நிலையைப் புதிய பதிப்பாகச் சேமித்து, அதன் எண்ணை வெளியீட்டின் முதல் வரியில் அச்சிடும். செய்ததைத் திருப்ப, அந்த எண்ணைக் கொடுத்து இதே கட்டளையை மறுபடி ஓட்டவும். விலக்குப் பட்டியலில் உள்ள கோப்புகளைத் தொடாது.’ இதில் மூன்றாவது வாக்கியத்தை எழுதப் போனபோதுதான், கருவி அப்படி எதையும் சேமிப்பதில்லை என்பது எங்களுக்கே தெரிந்தது. அந்த வாக்கியத்தை நீக்குவதற்குப் பதிலாக, அது உண்மையாகும்படி கருவியைத் திருத்தினார்கள். ஆவணம் எழுதுபவரைக் கடைசி வாரத்தில் கூப்பிடும் நிறுவனங்கள் இழப்பது இதைத்தான்.

இன்னொரு மாற்றம், படிக்கும் விதத்தைச் சார்ந்தது. ஏஜென்ட் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டு வருவதில்லை. தேடலில் அகப்பட்ட ஒரு துண்டு மட்டும் அதன் முன் வந்து விழுகிறது. ‘மேலே குறிப்பிட்ட எச்சரிக்கைகள் இதற்கும் பொருந்தும்’ என்று எழுதினால், அந்த மேலே என்பது அதற்குக் கிடையாது. எச்சரிக்கையை உரிய கட்டளையின் பத்தியிலேயே திரும்பவும் எழுதுங்கள். கூறியது கூறல் குற்றம் என்று இலக்கணம் படித்த நமக்கு இது உறுத்தத்தான் செய்யும். ஆனாலும் கோப்பை இழப்பதைவிட ஒரு வாக்கியத்தை இருமுறை படிப்பது மேல் என்பது என் கருத்து. எடுத்துக்காட்டுகளையும் இதே கண்ணோடு பாருங்கள். விளக்கத்தைவிட எடுத்துக்காட்டையே ஏஜென்ட் அதிகம் பின்பற்றுகிறது. நீங்கள் இடம் சுருங்கட்டும் என்று ‘ஃபோர்ஸ்’ விருப்பத்தோடு (தடை எதுவும் பார்க்காமல் ஓட்டு என்று கட்டளையோடு சேர்க்கும் சொல்) ஓர் எடுத்துக்காட்டைக் கொடுத்திருந்தால், தேவையில்லாத இடங்களிலும் அதுவே ஓடும்.

கேள்வி: நிரலாளர்கள் பரவலாகப் பயன்படுத்தும் கிட் என்ற பதிப்பு வரலாற்றுக் கருவி இருக்கும்போது ஏஜென்டுகளுக்கென்று இன்னொரு வரலாற்றுக் கருவி எதற்கு? கையேட்டில் இதற்கும் விடை சொல்ல வேண்டுமா?

பதில்: சொல்ல வேண்டும், அதுவும் முதல் பக்கத்திலேயே. பெல் ஆய்வகத்தில் மார்க் ராச்கைண்ட் 1972-இல் உருவாக்கிய எஸ்சிசிஎஸ் தொடங்கி, வால்டர் டிச்சி 1980-களின் தொடக்கத்தில் எழுதிய ஆர்சிஎஸ் வழியாக, லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் தொடங்கிய கிட் வரை, இந்தக் கருவிகள் எல்லாமே ஒரு மனிதரைத்தான் மனத்தில் வைத்திருந்தன. அவர் வேலை செய்வார், தன் திருத்தம் சரியாக வந்திருக்கிறது என்று தோன்றும்போது நிறுத்துவார், ஒரு செய்தியை எழுதிச் சேமிப்பார். கிட்டில் இப்படிச் சேமித்ததைக் கமிட் என்பார்கள்; ஒரு கமிட் என்பது ஒரு முடிவு. ஏஜென்டோ சில நிமிடங்களில் பல கோப்புகளை மாற்றி, அவற்றில் சிலவற்றைத் திரும்ப மாற்றி, தவறான வழியில் போய்த் திரும்பி வருகிறது. சுவையான பகுதி முழுவதும் இரண்டு கமிட்களுக்கு இடையிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. கமிட் செய்யப்படாதது கிட்டின் வரலாற்றில் இல்லை.

‘கிட் ரீசெட் ஹார்ட்’ என்ற கட்டளையை எடுத்துக்கொள்வோம். கமிட் செய்யாத திருத்தங்களை அது ஒரு கேள்வியும் கேட்காமல் துடைத்துவிடும். ரீஃப்லாக் இருக்கிறதே என்பார்கள். கிளைகளின் (தனித்தனியாக வளரும் கமிட் வரிசைகளின்) முனை எப்போது எந்த கமிட்டுக்கு நகர்ந்தது என்பதைத்தான் ரீஃப்லாக் வைத்திருக்கிறது. கமிட்டே ஆகாத வரிகளைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. அந்தப் பதிவுகளும் இயல்புநிலை அமைப்பில் 90 நாளும், கிளையின் தற்போதைய முனையிலிருந்து எட்ட முடியாதவை 30 நாளும் மட்டுமே காக்கப்படும். கமிட்டுக்குத் தயார்ப்படுத்தும் ‘கிட் ஆட்’ கட்டளையை ஒருமுறையாவது ஓட்டிய கோப்பின் உள்ளடக்கத்தை ‘எஃப்எஸ்சிகே’ கட்டளையால் தோண்டி எடுக்க வாய்ப்புண்டு. ஆனால் அது நள்ளிரவில் மனிதர் செய்யும் வேலை. ஜுஜுட்சு போன்ற புதிய கருவிகள், கட்டளைகளை ஓட்டும்போதெல்லாம் வேலைக் கோப்புறையின் நிலையைத் தாமாகவே பதிவு செய்து, செயல்களுக்கென்று ஒரு தனிப் பட்டியலையும் வைத்திருப்பது இந்த இடைவெளியை நிரப்பத்தான்.

உங்கள் கருவி எந்தெந்தத் தருணங்களில் பதிவெடுக்கிறது என்பதைத் துல்லியமாக எழுதுங்கள்: ஒவ்வொரு கோப்புத் திருத்தத்துக்குப் பிறகா, ஒவ்வொரு கட்டளைக்கு முன்பா, ஏஜென்டின் ஒரு சுற்று முடிந்த பிறகா? அடுத்து, எது அதன் பிடியில் இல்லை என்பதை எழுதுங்கள். ஏஜென்ட் தரவுத்தளத்தில் ஓர் அட்டவணையை அழித்திருந்தால், வெளி சேவையகத்துக்கு எதையாவது அனுப்பியிருந்தால், எந்தப் பதிப்பு எண்ணைக் கொடுத்தாலும் அவை திரும்பி வரா. ‘செயல்தவிர்’ என்ற சொல் அதன் சக்திக்கு மீறி வாக்குக் கொடுத்துவிடுகிறது என்பதால் இந்த வாக்கியம் பின்னிணைப்பில் ஒளிந்திருக்கக் கூடாது. கிட்டோடு இது எப்படிச் சேர்ந்து இருக்கும், என் கிளையில் தானாக கமிட்களைச் சேர்க்குமா, கிட் புறக்கணிக்கும் கோப்புகளை இதுவும் புறக்கணிக்குமா என்பவை முதல் நாளிலேயே எல்லோரும் கேட்கும் கேள்விகள்.

கேள்வி: எங்கள் ஏஜென்ட் வரலாற்றைக் காட்டும் கட்டளையை ஓட்டிவிட்டு அப்படியே நின்றுவிடுகிறது. வேறு சில நேரம், எல்லாம் சரியாக இருக்கும்போதே கட்டளை தோற்றுவிட்டது என்று அறிக்கை தருகிறது. கோளாறு கருவியிலா, ஆவணத்திலா?

பதில்: இரண்டுக்கும் நடுவில். முதலாவது பெரும்பாலும் பேஜரின் வேலை. ‘கிட் லாக்’ போன்ற கட்டளைகள், டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் திரையில்) ஓடுவதாகத் தெரிந்தால் நீண்ட வெளியீட்டைத் திரை திரையாகக் காட்டும் நிரலிடம் ஒப்படைத்துவிட்டு, ஒரு விசைக்காகக் காத்திருக்கும். ஏஜென்டுக்கு டெர்மினல்போன்ற சூழலைக் கொடுத்திருந்தால் அதுவும் காத்திருக்கும். கிட்டில் ‘நோ பேஜர்’ என்ற விருப்பம் இதற்கென்றே இருக்கிறது. செய்தி கேட்டு எடிட்டரைத் திறக்கும் கட்டளைகளிலும், கடவுச்சொல் கேட்டு நிற்கும் கட்டளைகளிலும் இதே கதைதான். எந்தக் கட்டளை எப்போது உள்ளீட்டுக்காக நிற்கும், நிற்காமல் ஓட வைப்பது எப்படி என்பதை ஒவ்வொரு கட்டளையின் கீழும் எழுதியே ஆக வேண்டும்.

இரண்டாவது, வெளியேறும்போது கட்டளை தரும் எண் சம்பந்தப்பட்டது. பூச்சியம் என்றால் வெற்றி, மற்றவை தோல்வி என்று பொதுவாகச் சொல்கிறோம். ஆனால் ‘கிட் டிஃப்’ கட்டளையை அதற்குரிய விருப்பத்தோடு ஓட்டினால், வேறுபாடு இருக்கும்போது 1 என்ற எண்ணைத் தரும்; ‘கிரெப்’ கட்டளை, தேடியது அகப்படாவிட்டால் 1 தரும். இவை தோல்விகள் அல்ல, விடைகள். உங்கள் கருவியில் 0, 1, 2 ஒவ்வொன்றுக்கும் என்ன பொருள் என்று கையேட்டில் இல்லாவிட்டால், வேறுபாடு இருக்கிறது என்ற நல்ல விடையை ஏஜென்ட் பிழையாக எடுத்துக்கொண்டு, இல்லாத கோளாறைச் சரிசெய்யக் கிளம்பிவிடும்.

தேதியிலும் ஒரு கண்ணி இருக்கிறது. கிட் ஒவ்வொரு கமிட்டிலும் இரண்டு நேரங்களை வைத்திருக்கிறது: ஆசிரியர் எழுதிய நேரம், கமிட் ஆன நேரம். ரீபேஸ் செய்தால், அதாவது கமிட்களை வேறோர் அடித்தளத்தின் மேல் மறுபடி அடுக்கினால், முன்னது அப்படியே நிற்க, பின்னது மாறும். ‘கிட் லாக்’ வழக்கமாகக் காட்டுவது முன்னதை. ‘சின்ஸ்’ விருப்பம் வடிகட்டுவது பின்னதைக் கொண்டு. நேற்று முதல் நடந்த மாற்றங்களைக் கேட்ட ஏஜென்டின் முன் மூன்று வாரத்துக்கு முந்தைய தேதிகள் வந்து நிற்பது இதனால்தான். உங்கள் கருவி ஒரே நேரத்தை மட்டும் பதிந்தால் அது எந்த நேரம், எந்த நேர மண்டலம் என்று சொல்லிவிடுங்கள்.

தமிழில் கோப்புகளுக்குப் பெயர் வைப்பவர்கள் அறிந்த சங்கடம் ஒன்றும் உண்டு. கிட் தன் இயல்புநிலையில் ஆங்கிலமல்லாத எழுத்துகளை எண்களாக்கிக் காட்டுகிறது. ‘த’ என்ற ஓர் எழுத்து \340\256\244 என்று வந்து நிற்கும். யூடிஎஃப்-8 முறையில் அந்த எழுத்து மூன்று பைட்டுகள் கொண்டது என்பதும், அவை எட்டை அடிப்படையாகக் கொண்ட எண்முறையில் எழுதப்பட்டிருக்கின்றன என்பதும் தெரிந்தவருக்கு இது வெறும் தொல்லை. ஏஜென்டோ அந்த எண்வரிசையையே கோப்பின் பெயர் என்று எடுத்துக்கொண்டு, அப்படி ஒரு கோப்பு இல்லை என்று சொன்னதை நான் பார்த்திருக்கிறேன். ‘குவோட்பாத்’ அமைப்பை அணைத்துவிட்டால் பெயர் பெயராகவே வரும். பெயர்களை எந்த வடிவில் அச்சிடுவீர்கள், அந்த வடிவை அப்படியே அடுத்த கட்டளைக்குக் கொடுக்கலாமா என்பது கையேட்டில் இருக்க வேண்டிய தகவல்.

வெளியீட்டின் வடிவம் மாறாது என்று நீங்கள் வாக்குக் கொடுக்கும் பகுதி எது என்பதையும் பிரித்துச் சொல்லுங்கள். கிட்டின் ‘ஸ்டேட்டஸ்’ கட்டளைக்கு ‘போர்சலின்’ என்ற விருப்பம் இருக்கிறது; அதன் வடிவம் பதிப்புக்குப் பதிப்பு மாறாது, பயனர் அமைப்புகளாலும் மாறாது என்று அதன் கையேடே உறுதி கூறுகிறது. (கிட்டின் வழக்கில் போர்சலின் என்பது மனிதருக்கான மேல்பூச்சுக் கட்டளைகளின் பெயர், நிரல்களுக்கான வடிவத்துக்கும் அதே பெயரை வைத்தது யார் செய்த குறும்போ.) வெளியீட்டின் அளவையும் மறக்க வேண்டாம். ஏஜென்ட் ஒரு நேரத்தில் படிக்கக்கூடிய டோக்கன்களுக்கு, அதாவது உரைத் துண்டுகளுக்கு, எல்லை உண்டு. பத்தாயிரம் வரி வேறுபாட்டை அதன் முன் கொட்டினால், நாம் கொடுத்த வேலையே அதன் பார்வையிலிருந்து தள்ளப்பட்டுவிடும். எத்தனை வரிக்கு மேல் வெட்டப்படும், வெட்டப்பட்டது என்பதைக் கருவி எப்படித் தெரிவிக்கும், மீதியைக் கேட்பது எப்படி என்பவை எழுதப்பட வேண்டும்.

கேள்வி: ஏஜென்ட் செய்த மாற்றத்தின் கீழ் யார் பெயரைப் போடுவது? ஒரு பதிவில் என்னென்ன விவரங்கள் இருந்தால் பின்னால் ஆராய உதவும்?

பதில்: மூன்று பேரைத் தனித்தனியாகப் பதியுங்கள்: வேலையைக் கேட்டவர், செய்த ஏஜென்ட், முடிவை ஏற்றவர். எழுதியவரும் சேர்த்தவரும் வேறுவேறாக இருக்கலாம் என்ற எண்ணம் புதிதல்ல. ஒருவர் மின்னஞ்சலில் அனுப்பிய திருத்தத்தை இன்னொருவர் களஞ்சியத்தில் (கோப்புகளும் அவற்றின் வரலாறும் இருக்கும் இடத்தில்) சேர்க்கும் வழக்கம் லினக்ஸ் கெர்னலில் இருந்ததால், கிட்டில் ஆசிரியருக்கும் கமிட் செய்தவருக்கும் தொடக்கத்திலிருந்தே தனித்தனி இடங்கள் உண்டு. ஏஜென்டைச் செய்தியின் அடியில் ‘கோ-ஆதர்ட்-பை’ என்ற வரியில் குறிப்பிடும் பழக்கம் இப்போது பரவியிருக்கிறது. அது ஒரு தொடக்கம் மட்டுமே. ஏஜென்டை இயக்கும் மொழி மாடல் எது, அதன் எந்தப் பதிப்பு, என்ன அறிவுறுத்தல், எந்தக் கருவிகளை எந்த வரிசையில் அழைத்தது என்பதற்கெல்லாம் அந்த ஒரு வரியில் இடமில்லை.

அதைவிட முக்கியமானது, ஒவ்வொரு புலத்தையும் நிரப்புவது யார் என்ற தகவல். ஏஜென்ட் செய்த ஒரு மாற்றத்தின் செய்தியில் ‘சோதனைகள் அனைத்தும் தேறின’ என்று அழகான வாக்கியம் இருந்தது. அதே பதிவில் கருவி தானே குறித்துவைத்த கட்டளைப் பட்டியலைப் பார்த்தால், சோதனைக் கட்டளை ஓடவே இல்லை. ஒன்று ஏஜென்டின் கூற்று. மற்றது கருவி கண்ணால் கண்டது. இரண்டும் ஒரே எழுத்துருவில் ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சிடப்பட்டால், படிப்பவருக்கு இரண்டும் சாட்சியமாகவே தெரியும். கையேட்டில் புலங்களின் அட்டவணை போடும்போது, ‘நிரப்புபவர்’ என்று ஒரு நெடுவரிசையைக் கூடுதலாகச் சேர்த்து, கருவி, ஏஜென்ட், மனிதர் என்ற மூன்றில் ஒன்றை எழுதிவிடுங்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு ஒரு தவறின் மூலத்தைத் தேடுபவர் முதலில் பார்க்கப்போவது அந்த நெடுவரிசையைத்தான். அவர் இன்னொரு ஏஜென்டாகவும் இருக்கலாம்.

அறிவுறுத்தல்களைச் சேமிப்பதில் ஓர் ஆபத்தும் உண்டு. அவசரத்தில் யாராவது கடவுச்சொல்லையோ அணுகல் சாவியையோ உரையாடலில் ஒட்டியிருப்பார்கள்; அதுவும் வரலாற்றில் ஏறிவிடும். கிட்போன்ற அமைப்பில் ஒவ்வொரு கமிட்டின் அடையாளமும் அதன் பெற்றோரின் அடையாளத்தையும் சேர்த்துக் கணக்கிடப்படுவதால், பழைய பதிவில் ஓர் எழுத்தை மாற்றினாலும் அதற்குப் பின் வந்த எல்லாவற்றின் அடையாளமும் மாறும். நகலெடுத்துச் சென்றவர்களிடம் பழையது அப்படியே இருக்கும். ஆகவே அழிக்கும் வழிமுறையை எழுதும்போது முதல் படியாக, கசிந்த சாவியைச் செல்லாததாக்கிப் புதியதை வாங்கச் சொல்லுங்கள். வரலாற்றைச் சுத்தம் செய்வது அதற்குப் பிறகு.

கேள்வி: கையேட்டில் திரைப்படங்களைச் சேர்க்கலாமா?

பதில்: திரையின் படங்களைக் கேட்கிறீர்கள் என்று கொள்கிறேன். மனிதருக்காகச் சேர்க்கலாம். ஆனால் படத்தில் மட்டும் இருக்கும் தகவல், உரையை மட்டும் தேடிப் படிக்கும் ஏஜென்டுக்கு இல்லாத தகவல். கட்டளையையும் அதன் வெளியீட்டையும் உரையாகவே கொடுத்துவிட்டு, படத்தை அழகுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் கருவியை எம்சிபி வழியாக ஏஜென்டுகளுக்குத் திறந்துவிட்டிருக்கிறோம். ஒவ்வொரு செயலுக்கும் அங்கே ஒரு விளக்கம் எழுத வேண்டியிருக்கிறது. அதுவே போதாதா? கையேடு வேறு வேண்டுமா?

பதில்: ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட, ஏஜென்டுகளை வெளிக் கருவிகளோடு இணைக்கும் நெறிமுறையான மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகாலையே எம்சிபி என்கிறோம். அதில் ஒவ்வொரு கருவிக்கும் பெயர், விளக்கம், உள்ளீட்டின் அமைப்பு ஆகியவை இருக்கும். அவை பொதுவாக மாடலின் பார்வைக்குள் முன்கூட்டியே ஏற்றப்படுகின்றன. எனவே அங்கே நீளமாக எழுதினால், பயன்படுத்தாத செயல்களுக்கும் சேர்த்து இடம் செலவாகும். செயல் என்ன செய்யும் என்பதற்கு ஒரு வாக்கியம், எப்போது இதைப் பயன்படுத்தக் கூடாது என்பதற்கு ஒன்று, திருப்ப முடியுமா என்பதற்கு ஒன்று. மீதியெல்லாம் கையேட்டில் இருக்கட்டும்.

அதே நெறிமுறையில், படிக்க மட்டுமே செய்யும் செயல், அழிக்கக்கூடிய செயல், திரும்பச் செய்தாலும் விளைவு மாறாத செயல் என்று குறிக்கும் அடையாளங்கள் 2025-இல் சேர்க்கப்பட்டன. குறிக்காமல் விட்டால், அழிக்கக்கூடியது என்றே கொள்ளப்படும். பாதுகாப்பான இயல்புநிலைதான், ஆனால் நிரலாளர்கள் எதையுமே குறிக்காமல் விட்டுவிட்டால், வரலாற்றைப் பார்ப்பதற்குக்கூட அனுமதி கேட்டு ஒரு பெட்டி வந்து நிற்கலாம். பத்து முறை வீணாகக் கேட்கப்பட்டவர் பதினோராவது முறை படிக்காமலேயே ‘சரி’ என்பார்; அந்தப் பதினோராவது, வரலாற்றையே சுருக்கி அழிக்கும் செயலாக இருக்கலாம். இந்த அடையாளங்களைச் சரிபார்ப்பதையும் ஆவண வேலையாகவே எடுத்துக்கொள்ளுங்கள். இவை குறிப்புகளே ஒழிய பூட்டுகள் அல்ல. நம்பத்தகாத சேவையகம் தரும் அடையாளங்களை நம்பக் கூடாது என்று நெறிமுறையே சொல்கிறது.

கேள்வி: பழைய கமிட் செய்தி ஒன்றில் யாராவது வேண்டுமென்றே ஒரு கட்டளையை எழுதி வைத்திருந்தால், வரலாற்றைப் படிக்கும் ஏஜென்ட் அதைச் செய்துவிடுமா?

பதில்: செய்யக்கூடும். மாடலுக்கு நம் அறிவுறுத்தலும் உரைதான், அது படிக்கும் கோப்பும் உரைதான். இரண்டையும் பிரித்துவைக்கும் உறுதியான சுவர் இல்லை. இதைப் பிராம்ப்ட் இன்ஜெக்ஷன் என்கிறார்கள். பதிப்பு வரலாறு இதற்கு வசதியான இடம்: வெளியாட்கள் அனுப்பும் திருத்தங்களின் செய்திகள், கிளைப் பெயர்கள், நீக்கப்பட்ட கோப்புகளின் பழைய உள்ளடக்கம் எல்லாம் அதில் இருக்கின்றன, இன்றைய கோப்பில் ஒன்றும் இல்லையே என்று பார்ப்பவர் ஏமாந்து போவார். கையேட்டில் இரண்டு இடங்களில் இதை எழுதுங்கள். வரலாற்றிலிருந்து வரும் உரை தரவு மட்டுமே, அதிலுள்ள எந்த வேண்டுகோளையும் நிறைவேற்றக் கூடாது என்று ஏஜென்ட் படிக்கும் பகுதியில் ஒரு வாக்கியம். அந்த வாக்கியத்தை நம்பி இருந்துவிட வேண்டாம், வெளியாரின் களஞ்சியத்தை ஆராயும் ஏஜென்டுக்கு எழுதும் உரிமையும் வலையிணைப்பும் கொடுக்க வேண்டாம் என்று அமைப்பாளர் படிக்கும் பகுதியில் இன்னொன்று. ஏஜென்டுக்குச் சொல்லும் அறிவுரை பலிக்கும் நேரமும் உண்டு, பலிக்காத நேரமும் உண்டு. உரிமையைக் கொடுக்காமல் இருப்பது எல்லா நேரமும் பலிக்கும்.

கேள்வி: கையேட்டையே ஏஜென்டிடம் எழுதச் சொன்னால் என்ன? மூல நிரலை அதுதான் முழுவதும் படித்துவிடுகிறதே.

பதில்: முதல் வரைவுக்கு அதைப் பயன்படுத்துவதில் எனக்கு மறுப்பில்லை. விருப்பங்களின் பட்டியல், பிழைச் செய்திகளின் பட்டியல் போன்றவற்றை அது நம்மைவிடப் பொறுமையாகத் தொகுக்கும். ஆனால் நிரல் என்ன செய்கிறது என்பதைத்தான் நிரலிலிருந்து படிக்க முடியும். என்ன செய்ய வேண்டும் என்று நீங்கள் முடிவு செய்தீர்கள் என்பது அதில் இல்லை. நான் முன்பு சொன்ன மீட்டமைக்கும் கட்டளையை ஏஜென்ட் ஆவணப்படுத்தியிருந்தால், கோப்புறை முழுவதையும் மாற்றி எழுதும் என்று சரியாகவே எழுதியிருக்கும். அது அப்படிச் செய்யலாமா என்று கேட்டிருக்குமா என்பது சந்தேகம்.

எழுதுவதைவிடச் சோதிப்பதில் ஏஜென்ட் அதிகம் உதவும். ஒரு வெற்றுக் கோப்புறையில் போலிக் களஞ்சியம் ஒன்றை வைத்து, மூல நிரல் எதையும் காட்டாமல், உங்கள் கையேட்டை மட்டும் கொடுத்து, ‘நேற்றைய மூன்றாவது மாற்றத்தை மட்டும் திருப்பு, அதற்குப் பின் வந்தவை அப்படியே இருக்கட்டும்’ என்பதுபோன்ற வேலைகளைக் கொடுங்கள். அது வெற்றி பெறுகிறதா என்பதைவிட, எந்த இடத்தில் ஊகித்தது என்பதைக் கவனியுங்கள். நாங்கள் இப்படிச் சோதித்தபோது, கருவியில் இல்லவே இல்லாத ‘ட்ரை ரன்’ விருப்பத்தை (எதையும் மாற்றாமல், என்ன நடக்கும் என்று மட்டும் காட்டுவது) ஏஜென்ட் திரும்பத் திரும்பக் கொடுத்துக்கொண்டிருந்தது. வேறு பல கருவிகளில் அது இருப்பதால் இதிலும் இருக்கும் என்று நம்பியிருக்கிறது. கருவியோ ‘தவறான உள்ளீடு’ என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றது. ஏஜென்ட் அந்த விருப்பத்தைக் கழற்றிவிட்டு, மீட்டமைப்பதை நேராகவே ஓட்டிவிட்டது.

இப்போது அந்தப் பிழைச் செய்தி, ‘ட்ரை ரன் என்ற விருப்பம் இல்லை, மாற்றங்களை முன்கூட்டியே பார்க்க ஒப்பிடு கட்டளையை ஓட்டவும், எந்தக் கோப்பும் மாற்றப்படவில்லை’ என்று மூன்று துண்டுகளாக வருகிறது. அதே சோதனையை மறுபடி ஓட்டினோம். ஏஜென்ட் முதலில் ஒப்பிடு கட்டளையை ஓட்டி, எந்தெந்தக் கோப்புகள் மாறும் என்ற பட்டியலைக் காட்டி, மேலே போகலாமா என்று கேட்டது.